இலைக்குள் வாழும் பூஞ்சை புதிய சிற்றினமா? எந்த முறைக்குச் செலவழிப்பது?

நோயற்ற மாவிலையிலிருந்து ஒரு பூஞ்சையை வளர்த்தெடுக்கிறீர்கள். இலையில் புள்ளி இல்லை, கருகல் இல்லை. பூஞ்சைகளை அடையாளம் காணப் பயன்படும் டிஎன்ஏ துண்டான ஐடிஎஸ் பகுதியை வரிசைப்படுத்தி (அதன் எழுத்துகளைப் படித்து), பொது டிஎன்ஏ தளமான ஜென்பேங்கில் ஒத்த வரிசைகளைத் தேடும் பிளாஸ்ட் தேடல் போட்டால் ‘கொலட்டோட்ரைக்கம் குளோயோஸ்போரியாய்டிஸ், 100%’ என்று முதல் வரியிலேயே வருகிறது. பல ஆய்வேடுகள் இந்த வரியோடு நின்றுவிடுகின்றன. பட்டியலைக் கொஞ்சம் கீழே நகர்த்தினால் அதே 100 சதவீதத்தில் அந்தப் பேரினத்தின் சியாமென்ஸ், ஃப்ரக்டிகோலா என்று வேறு பெயர்களும் நிற்கும். 2012-ல் வெயர், ஜான்ஸ்டன், டாம் ஆகிய ஆய்வாளர்கள் இந்த நெருங்கிய சிற்றினங்களின் கூட்டத்தை ஆராய்ந்து, 22 சிற்றினங்களும் ஒரு துணைச் சிற்றினமும் இதற்குள் இருப்பதாகப் பிரித்தார்கள். ஐடிஎஸ் அவற்றை நம்பகமாகப் பிரிக்காது என்பதையும் அப்போதே சொன்னார்கள். அசல் குளோயோஸ்போரியாய்டிஸ் வெப்பமண்டலப் பழமரங்களில் அவ்வளவு சாதாரணமாகக் கிடைப்பதும் இல்லை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. டிஎன்ஏ வரிசையில் ஓர் எழுத்து மாறியதுமே ‘புதிய சிற்றினம்’ என்று அறிவிப்பது. அதற்கும் இதே பேரினத்தில் உதாரணம் இருக்கிறது, கீழே வருகிறது.

இப்படி நோய் காட்டாமல் செடிக்குள் வாழும் உள்வாழ் பூஞ்சையை அடையாளம் காண இன்று ஐந்து வழிகள் உண்டு: வளர்த்து உருவத்தைப் பார்ப்பது, ஐடிஎஸ் ஒன்றை மட்டும் வரிசைப்படுத்துவது, பல மரபணுக்களை வரிசைப்படுத்துவது, முழு மரபணுத் தொகுதியைப் படிப்பது, வளர்க்காமலே இலையின் டிஎன்ஏவிலிருந்து நேராகப் படிப்பது. டிஎன்ஏவைப் பெருக்கும் ஒரு பிசிஆர் கருவியும், கிருமியற்ற காற்றில் வேலை செய்ய ஒரு லாமினார் அறையும், வரிசைப்படுத்தலை வெளியே அனுப்பிச் செய்யும் அளவுக்குப் பணமும் உள்ள கல்லூரி ஆய்வகத்தை மனதில் வைத்து இவற்றை ஒப்பிடுகிறோம். புதிய சிற்றினத்தை முறைப்படி அறிவிப்பதுதான் இலக்கு என்றும் வைத்துக்கொள்வோம். வெறும் பன்முகத்தன்மைக் கணக்கெடுப்பு என்றால் விடை வேறாக இருக்கும்.

இலையிலிருந்து நேராகப் படிப்பது

முதலில் தள்ளிவைக்க வேண்டியது இதுதான். இந்த முறை மோசமானதல்ல. இந்த இலக்குக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். ஓர் இலையில் வளர்ப்பு ஊடகத்துக்கு வராத பூஞ்சைகள் எத்தனை உண்டு என்பதை இது காட்டும். ஆனால் இல்லுமினா கருவியின் குறுகிய வாசிப்பில் ஐடிஎஸ்1 அல்லது ஐடிஎஸ்2 என்ற ஒரு பாதிதான் கிடைக்கிறது. நெருங்கிய சிற்றினங்களைப் பிரிக்க முழு ஐடிஎஸ்ஸே போதாதபோது, பாதியை வைத்து என்ன செய்வது? அதைவிடப் பெரிய தடை பெயரிடல் விதி. வகைமாதிரி (பெயருக்கு ஆதாரமாக வைக்கும் மாதிரி) என்று காட்ட ஒரு பொருள் வேண்டும்: உலர்ந்த மாதிரியோ, செயலிழக்கச் செய்து பாதுகாத்த வளர்ப்போ. டிஎன்ஏ வரிசையை மட்டும் வகைமாதிரியாக வைக்க முடியாது. மரவேர்களிலும் மண்ணிலும் ஏராளமாக இருந்த ஆர்க்கியோரைசோமைசீட்டுகள் என்ற பூஞ்சைகள் பல ஆண்டுகள் வெறும் வரிசைகளாகவே அறியப்பட்டிருந்தன. ஒரு வளர்ப்பு கிடைத்து, அதை வைத்து 2011-ல்தான் அந்த வகுப்புக்கே முறையான பெயர் வந்தது.

எந்த மரத்தில் தேடுவது, எந்தப் பூஞ்சைக் குடும்பத்துக்கு ஏற்ற ஊடகம் செய்வது என்று திட்டமிட இந்த முறையைப் பயன்படுத்தலாம். செய்வதானால் இலை சேர்க்காத வெற்று மாதிரியையும் தொடக்கத்திலிருந்து கடைசிவரை உடன் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் ஆய்வகக் காற்றிலிருந்த கிளாடோஸ்போரியம் பூஞ்சை ‘இலைவாசி’ ஆகிவிடும்.

வளர்ப்பும் உருவமும்

எந்த வழியை எடுத்தாலும் நல்ல வளர்ப்பு இல்லாமல் ஆகாது என்பதால் அடிப்படையைச் சொல்லிவிடுவோம். முதிர்ந்த, புள்ளியற்ற இலையை ஓடும் நீரில் கழுவி, அரை செ.மீ. சதுரங்களாக வெட்டுங்கள். 70% எத்தனாலில் 5 விநாடி, 4% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 90 விநாடி, கிருமிநீக்கிய நீரில் 10 விநாடி. பிறகு லிட்டருக்கு 150 மி.கி. குளோராம்பெனிகால் சேர்த்த உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகரில் வைத்து, 26 டிகிரி செல்சியஸில், 12 மணி நேரம் ஒளி 12 மணி நேரம் இருள் என்று மூன்று நான்கு வாரம் காத்திருங்கள். சென்னையில் டி. எஸ். சூர்யநாராயணன் குழுவினர் நீலகிரி உயிர்க்கோளக் காட்டு மரங்களின் இலைகளில் பல ஆண்டுகள் கையாண்ட முறை ஏறக்குறைய இதுதான்.

தவறு எங்கே நேரும்? பெரும்பாலும் ஹைப்போகுளோரைட் புட்டியில். திறந்து மாதக்கணக்கான புட்டியில் குளோரின் போயிருக்கும். லேபிளில் மட்டும் 4% இருக்கும். மேற்பரப்பு சுத்தமானதா என்பதை அறியக் கிருமிநீக்கிய இலைத்துண்டை வெறும் அகர்த் தட்டில் லேசாக அழுத்தி எடுத்துவிடுங்கள். அழுத்திய இடத்தில் ஏதாவது முளைத்தால் அந்தத் தொகுதியையே ஒதுக்க வேண்டும். மெல்லிய இலைகளில் நேரம் கூடினால் உள்ளே இருப்பதும் சாகும். ஆகவே மரத்துக்கு மரம் நேரத்தைச் சோதித்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: வேகமாக வளரும் பூஞ்சை தட்டை மூடிவிட்டால் மெதுவாக வருபவை தெரியாமலே போகும். புதிய சிற்றினங்கள் அந்த மெதுவானவற்றில் இருக்க வாய்ப்பு அதிகம். முதல் வாரத்தில் தினமும் பார்த்து, துண்டிலிருந்து வெளிவரும் இழைநுனியை உடனே வேறு தட்டுக்கு மாற்றுங்கள்.

உருவத்தைப் பார்ப்பதில் செலவு குறைவு, பொறுமைதான் வேண்டும். சில பேரினங்களில் உருவமே பெரும்பகுதி வேலையை முடித்துவிடும். ஐந்து செல்கள் கொண்ட, நுனியில் மயிர்போன்ற இணையுறுப்புகளுடைய கொனிடியாவை (பாலிலா வித்துகளை) கண்டால் பெஸ்டலோஷியாப்சிஸ் குழு என்று உடனே சொல்லலாம். நடுச் செல்கள் மூன்றும் ஒரே வெளிர்பழுப்பா, ஒரே கரும்பழுப்பா, ஒன்றுக்கொன்று நிறம் வேறா என்பதை வைத்து 2014-ல் பிரிக்கப்பட்ட மூன்று பேரினங்களில் எது என்பதையும் ஊகிக்கலாம். சில இடங்களில் உருவம் பணத்தையும் காப்பாற்றும். எலுமிச்சை வகைகளில் கரும்புள்ளி நோய் தரும் ஃபில்லோஸ்டிக்டா சிட்ரிகார்ப்பாவும், அதே மரங்களில் நோய் தராமல் உள்வாழும் ஃபில்லோஸ்டிக்டா கேப்பிடாலென்சிஸும் வெகுகாலம் ஒன்றாகவே எண்ணப்பட்டன. இரண்டையும் ஓட்ஸ் அகரில் வளர்த்தால் நோய்க்கிருமி மட்டும் அகரில் மஞ்சள் நிறத்தைப் பரப்பும். உள்வாழ்பவையின் கொனிடியாவைச் சுற்றிய கோழையுறை தடிமனாக இருக்கும். ஏற்றுமதிப் பழங்களின் தடைப்பட்டியலில் இருப்பது முதலாவது மட்டுமே என்பதால் இந்த வேறுபாட்டில் வணிகமே அடங்கியிருக்கிறது.

ஆனால் உள்வாழ் பூஞ்சைகளில் கணிசமானவை தட்டில் வித்தே கொடுக்காமல் வெள்ளை இழையாகவே கிடக்கும். ‘மலட்டு மைசீலியம் 1, 2, 3’ என்று எண் போட்டு ஒதுக்குவதற்குமுன் சில முயற்சிகள் உண்டு. சத்து குறைந்த நீர் அகரில் கிருமிநீக்கிய பைன் ஊசி, வாழையிலைத் துண்டு, கார்னேஷன் இலை, அல்லது பூஞ்சை கிடைத்த அதே மரத்தின் இலைத்துண்டைப் பதித்துப் பூஞ்சையை வையுங்கள். 12 மணி நேரம் அண்மைப் புறஊதா விளக்கில், 6 முதல் 8 வாரம். டயபோர்த்தே பேரினம் பைன் ஊசியில் கரும் பிக்னிடியாக்களை (வித்துப் பைகளை) தரும். அவற்றில் நீள்வட்டமான ஆல்ஃபா, நூல்போன்ற பீட்டா என இருவகைக் கொனிடியாவும் வரலாம். ஒன்று மட்டும் வந்தால் அதை வைத்துப் புதுமை பேசக் கூடாது. வித்துகளை லாக்டிக் அமிலத்தில் வைத்து, குறைந்தது 30-ஐ நீளமும் அகலமும் அளந்து எழுதுங்கள். பத்தை அளந்து வீச்சு சொல்வதை மதிப்பாய்வாளர்கள் ஏற்பதில்லை, ஏற்கவும் கூடாது. எதற்கும் வித்து வரவில்லையென்றாலும் கதவு மூடிவிடாது. ஹோண்டுராஸின் இலவங்க மரத்திலிருந்து எடுத்த மஸ்கோடார் ஆல்பஸ் வித்தில்லாமலேதான் 2001-ல் பெயர் பெற்றது.

ஐடிஎஸ்: பிரித்து அடுக்கும் கருவி

2012-ல் பூஞ்சைகளுக்கான பொதுப் பார்கோடாக ஐடிஎஸ் முன்மொழியப்பட்டதற்கு எளிய காரணம் உண்டு: ஏறத்தாழ எந்தப் பூஞ்சையிலும் ஒரே பிரைமர் ஜோடி (பிசிஆர் பெருக்கலைத் தொடங்கும் டிஎன்ஏ குறுந்துண்டுகள்) வேலை செய்கிறது. செல்லுக்குள் பல பிரதிகள் இருப்பதால் டிஎன்ஏ கொஞ்சம் மோசமாக இருந்தாலும் பெருகிவிடும். ஐடிஎஸ்1எஃப், ஐடிஎஸ்4 ஜோடியில் சுமார் 550 முதல் 750 கார இணை (டிஎன்ஏ எழுத்து) நீளத்துக்கு ஒரு பட்டை வரும். 25 மைக்ரோலிட்டர் கலவை, 95 டிகிரியில் 5 நிமிடம். பிறகு 94-ல் 30 விநாடி, 54-ல் 30 விநாடி, 72-ல் ஒரு நிமிடம் என 35 சுற்று. கறுப்பு நிறப் பூஞ்சையில் பட்டை வரவில்லையென்றால் பிரைமரைக் குறை சொல்லாதீர்கள். மெலனினும் சர்க்கரைப் பிசினும் நொதியைத் தடுத்திருக்கும். டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் வந்துவிடும்.

வரிசைப்படுத்தலிலிருந்து வரும் சிகர வரைபடத்தைக் கண்ணால் பார்க்காமல் பிளாஸ்டுக்குப் போகாதீர்கள். தொடக்கத்திலிருந்தே இரட்டைச் சிகரங்கள் என்றால் வளர்ப்பு கலப்படம். மறுபடி ஒற்றை வித்து அல்லது இழைநுனி எடுக்க வேண்டும். பாதிவரை தெளிவாக வந்து ஓரிடத்தில் திடீரெனக் குழம்பினால், அந்தப் பூஞ்சையின் பிரதிகளுக்குள்ளேயே ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கிறது என்று பொருள். எதிர்த்திசையிலும் வாசித்தால் தீரும். இதனால்தான் ஒரு திசை மட்டும் வாசித்துக் காசை மிச்சம் பிடிப்பது வீண்.

பிளாஸ்ட் முடிவில் சதவீதத்தைப் பார்ப்பதற்குமுன், எவ்வளவு நீளம் பொருந்தியது என்பதைப் பாருங்கள். அடுத்து, பொருந்திய வரிசை வகைமாதிரியிலிருந்து வந்ததா என்று பாருங்கள். 2006-ல் நில்சன் குழுவினர் பொதுத்தளத்துப் பூஞ்சை வரிசைகளைச் சோதித்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒன்று சிற்றின அளவில் தவறான பெயர் தாங்கியிருக்கலாம் என்று கணித்தார்கள். முதல் வரியில் இருப்பது இன்னொரு ஆய்வகம் இதேபோல் பிளாஸ்ட் பார்த்து வைத்த பெயராகவும் இருக்கலாம். ஒரு தவறு இன்னொன்றுக்குச் சான்றாகிவிடும்.

97 சதவீதம் ஒத்தால் ஒரே சிற்றினம் என்ற எல்லைக்கோட்டைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கொலட்டோட்ரைக்கம், ஃபியூசேரியம், கிளாடோஸ்போரியம், டிரைக்கோடெர்மா ஆகியவற்றில் வெவ்வேறு சிற்றினங்களின் ஐடிஎஸ் முழுமையாக ஒன்றாகவே இருக்கலாம். டயபோர்த்தேயில் நிலைமை தலைகீழ்: ஒரே சிற்றினத்துக்குள் ஐடிஎஸ் அவ்வளவு மாறுவதால், அதை மட்டும் நம்பினால் இல்லாத சிற்றினங்களை எண்ணிவிடுவீர்கள். பூஞ்சை ஐடிஎஸ் வரிசைகளைத் தொகுக்கும் யுனைட் தளம் ஒரே எல்லையை வற்புறுத்தாமல் 0.5 முதல் 3 சதவீதம் வரை பல எல்லைகளில் தொகுத்துக் காட்டுவதும் இதனால்தான்.

ஆக, ஐடிஎஸ் எதற்கு? பேரினத்தைச் சொல்ல. நாற்பது ஐசோலேட்டுகளை (தனித்தனியாகப் பிரித்தெடுத்த வளர்ப்புகளை) ஏழெட்டுக் கட்டுகளாக அடுக்க. எதுவும் அருகில் வராமல் 90 சதவீதத்துக்குக் கீழே நின்றால் ‘இது வேறு ஏதோ’ என்று மணி அடிக்க. அப்படி மணி அடித்தால் அடுத்து ஐடிஎஸ்ஸை ஒட்டிய, மெதுவாக மாறும் எல்எஸ்யூ பகுதியைப் படித்துக் குடும்பத்தை நிச்சயப்படுத்துங்கள்.

பல மரபணுக்கள்: காசு போக வேண்டிய இடம்

எந்த மரபணுக்கள் என்பதைப் பேரினம்தான் முடிவு செய்யும். இந்த வரிசையை மாற்றி, திட்ட அறிக்கையிலேயே ‘ஐடிஎஸ், எல்எஸ்யூ, டியூபுலின்’ என்று எழுதி எல்லா ஐசோலேட்டுக்கும் மூன்றையும் ஓட்டுவது பரவலான வீண்செலவு. எல்எஸ்யூ நெருங்கிய சிற்றினங்களைப் பிரிக்காது.

பேரினவாரியாக மரபணுக்களின் (பெரும்பாலும் சுருக்கப்) பெயர்கள் இவை. ஃபியூசேரியத்துக்கு டிஇஎஃப்1, ஆர்பிபி2. டிரைக்கோடெர்மாவுக்கும் அதே இரண்டு. பெஸ்டலோஷியாப்சிஸ் குழுவுக்கு ஐடிஎஸ்ஸுடன் டிஇஎஃப்1, பீட்டா டியூபுலின். டயபோர்த்தேக்கு டிஇஎஃப்1 முதன்மை; உடன் டியூபுலின், கால்மோடுலின், ஹிஸ்டோன் 3. பெனிசிலியத்துக்கு டியூபுலின், அஸ்பர்ஜில்லஸுக்குக் கால்மோடுலின். சைலேரியாவுக்கு ஆர்பிபி2, டியூபுலின். கொலட்டோட்ரைக்கத்துக்கு முதலில் ஜிஏபிடிஹெச். அது எந்தக் கூட்டம் என்று சொன்னபிறகு குளோயோஸ்போரியாய்டிஸ் கூட்டமானால் குளூட்டமைன் சிந்தடேஸ் அல்லது ஏபிமேட் பகுதி. இவை ஒற்றைப் பிரதி மரபணுக்கள் என்பதால் ஐடிஎஸ்போல் எளிதில் பெருகாது. இணைப்பு வெப்பநிலையை 50 முதல் 60 டிகிரிவரை படிப்படியாக மாற்றிப் பார்க்கத் தயாராக இருங்கள். ஜெல்லில் இரண்டு பட்டை வந்தால் வெப்பநிலையை ஏற்றுங்கள். பட்டையே இல்லையென்றால் இறக்குங்கள்.

பல மரபணுக்களைப் படிப்பதன் நோக்கம் எழுத்துகளைக் கூட்டுவதல்ல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மரம் வரைந்து, உங்கள் ஐசோலேட்டுகள் எல்லா மரங்களிலும் ஒரே கிளையாக நிற்கின்றனவா என்று பார்ப்பதுதான். ஒரு சிற்றினத்துக்குள் மரபணுக்கள் கலந்துகொண்டே இருப்பதால் மரத்துக்கு மரம் கிளை மாறும். சிற்றினங்கள் பிரிந்தபின் எல்லா மரங்களும் ஒத்துப்பேசும். எல்லாவற்றையும் ஒட்டி ஒரே மரம் வரைந்து, பூட்ஸ்ட்ராப் (கிளைக்கான நம்பக மதிப்பு) 98 வந்தது என்று நிறுத்திக்கொண்டால் இந்தச் சோதனையே நடக்கவில்லை. ஸ்பிளிட்ஸ்ட்ரீ மென்பொருளில், மரபணுக் கலப்பைக் கண்டறியும் பிஹெச்ஐ சோதனையையும் ஓட்டுங்கள்; மதிப்பு 0.05-க்குக் கீழே போனால் உங்கள் ‘புதியது’ பக்கத்துச் சிற்றினத்தோடு மரபணுப் பரிமாற்றத்தில் இருக்கிறது.

இதைச் செய்யாததன் விளைவுதான் மேலே சொன்ன உதாரணம். கொலட்டோட்ரைக்கம் சியாமென்ஸ் தாய்லாந்தின் காப்பிப் பழங்களிலிருந்து 2009-ல் விவரிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அதன் அருகே புதிய பெயர்கள் குவிந்தன: மல்லிகையிலிருந்து ஜாஸ்மினி-சம்பக், மாமரத்தின் உள்வாழியாக எண்டோமேஞ்சிஃபெரே, இன்னும் சில. மிக வேகமாக மாறும் ஏபிமேட் போன்ற பகுதியில் கிளைகள் அழகாகப் பிரிந்து தெரிந்தன. 2016-ல் லியூ குழுவினர் பல மரபணுக்களையும் ஒத்திசைவுச் சோதனைகளையும் கொண்டு பார்த்தபோது அந்தக் கிளைகளுக்கிடையே எல்லை இல்லை என்று தெரிந்தது. பல பெயர்கள் சியாமென்ஸுக்குள் திரும்பிப் போயின. கூர்மையான கத்தி என்பதால் எங்கு வெட்டினாலும் மூட்டு ஆகிவிடாது.

மரத்தின் பெயரையும் சான்றாக எடுக்காதீர்கள். தேக்கு, சரக்கொன்றை இலைகளில் இருந்த ஃபோமாப்சிஸ் (இன்று டயபோர்த்தே) ஐசோலேட்டுகளை நீலகிரிப் பகுதியிலிருந்து எடுத்து ஆராய்ந்த சூர்யநாராயணன் குழுவினர், அந்தப் பூஞ்சை ஒரு மரத்தோடு கட்டுண்டதல்ல என்று 2006-ல் காட்டினார்கள். அதற்குமுன் 2003-ல், பல வெப்பமண்டல மரங்களின் இலைகளில் வாழ்ந்த ஃபில்லோஸ்டிக்டா அத்தனையும் ஒரே கேப்பிடாலென்சிஸ்தான் என்றும் கண்டிருந்தார்கள். ‘வேம்பில் முதன்முறை’ என்பது பதிவு செய்ய வேண்டிய தகவல். புதிய சிற்றினத்துக்கு அது சான்றாகாது.

முழு மரபணுத் தொகுதி

இழைப் பூஞ்சைகளின் தொகுதி பெரும்பாலும் 30 முதல் 60 மில்லியன் இணைகள். இன்று அதைப் படிப்பது முடியாத காரியமல்ல. ஆனால் எதோடு ஒப்பிடுவீர்கள்? பக்கத்துச் சிற்றினங்களின் வகைமாதிரிகளுக்கு டிஇஎஃப்1-உம் டியூபுலினும் தளங்களில் இருக்கின்றன. பலவற்றுக்கு முழுத் தொகுதி இல்லை. ஆக ஐம்பது மில்லியன் எழுத்துகளைப் படித்துவிட்டு, கடைசியில் அதிலிருந்து அதே நான்கு மரபணுக்களைத்தான் வெட்டியெடுத்து மரம் வரைவீர்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: ஐடிஎஸ் பல பிரதிகளாக அடுக்கி நிற்பதால் குறுகிய வாசிப்புத் தொகுப்பில் அந்தப் பகுதி உடைந்தோ விடுபட்டோ போகும். முழுத் தொகுதியைப் படித்தபிறகும் ஐடிஎஸ்ஸுக்குத் தனியாக பிசிஆர் ஓட்ட நேரும். நானோபோர் போன்ற நீண்ட வாசிப்பில் அது தீரும். ஆனால் அதற்கு உடையாத நீண்ட டிஎன்ஏ வேண்டும். கறுப்புப் பூஞ்சையின் பிசினிலிருந்து அதை எடுப்பது தனி வித்தை.

மூன்று நான்கு மரபணு மரங்கள் தீராமல் சண்டையிடும்போதும், பூஞ்சை தரும் வேதிப்பொருளுக்கான மரபணுக் கூட்டத்தைத் தேடும்போதும் இதற்குச் செலவழிக்கலாம். மருத்துவமனைகளில் ஈஸ்ட்டுகளைப் புரத நிறையை வைத்து அடையாளம் காணப் பயன்படும் மால்டி-டாஃப் கருவியைச் சிலர் பரிந்துரைப்பதுண்டு. அதன் நூலகம் நோய்க்கிருமிகளுக்காகத் தொகுக்கப்பட்டது. இலைவாசிகளைக் கேட்டால் அதற்குப் பதில் தெரியாது.

நாற்பது ஐசோலேட்டுகளுக்கு ஒரு திட்டம்

தட்டின் முன்புறம், பின்புறம், வளர்வேகம் பார்த்துக் கட்டுகளாகப் பிரியுங்கள். கட்டுக்கு இரண்டு வீதம் ஐடிஎஸ், இருதிசையும். அறிந்த பேரினத்தில் ஐயமின்றி விழுபவற்றைப் பேரினப் பெயரோடு நிறுத்திவிடலாம்; எல்லாவற்றுக்கும் சிற்றினப் பெயர் கொடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சந்தேகத்துக்குரிய ஒன்றிரண்டு கட்டுகளை மட்டும் எடுத்து, அந்தப் பேரினத்துக்கான இரண்டு மூன்று மரபணுக்களை, வெவ்வேறு மரங்களிலிருந்து வந்த குறைந்தது மூன்று ஐசோலேட்டுகளில் ஓட்டுங்கள். ஒரே ஐசோலேட்டை வைத்துப் புதிய சிற்றினம் அறிவிக்க விதி தடையில்லை. ஆனால் சிற்றினத்துக்குள் எவ்வளவு மாறும் என்பது தெரியாமல் எல்லை வரைவது எப்படி? அதே ஐசோலேட்டுகளைப் பைன் ஊசியிலும் வாழையிலையிலும் வித்துக்கு வைத்துவிடுங்கள்; அது ஆறு வாரம் எடுக்கும் வேலை, வரிசைகள் வரும்வரை காத்திருந்து தொடங்கினால் மாணவரின் பருவம் முடிந்துவிடும்.

தாள் வேலைகளையும் ஆரம்பத்திலேயே தொடங்குங்கள். 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி, இந்தியாவில் கண்டறியும் புதிய உயிரினத்தை அதற்கென அறிவிக்கப்பட்ட களஞ்சியத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும். பூஞ்சைகளுக்குப் புனேயில் ஆகார்க்கர் ஆய்வு நிறுவனத்தின் தேசியப் பூஞ்சை வளர்ப்புத் தொகுப்பு இருக்கிறது; உலர்மாதிரிகளுக்கு அங்கேயே அஜ்ரேகர் ஹெர்பேரியம் இருக்கிறது. காட்டிலிருந்து இலை பறிக்க வனத்துறை அனுமதி தனி.

பெயரிடல் விதியில் சறுக்கும் இடங்கள் மூன்று. 2013 ஜனவரி 1 முதல் மைக்கோபேங்க், இண்டெக்ஸ் ஃபங்கோரம் போன்ற பதிவகத்தில் எண் பெற்று, அதைக் கட்டுரையில் அச்சிடாத பெயர் செல்லாது. விளக்கக் குறிப்பு இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். சிற்றினப் பெயரில் தமிழ்ச் சொல்லை இலத்தீன் வடிவில் வைக்கலாம்; விளக்கத்தைத் தமிழில் மட்டும் எழுதினால் ஏற்கமாட்டார்கள். மூன்றாவதில்தான் பலரும் விழுகிறார்கள்: உயிரோடு வளரும் தட்டை வகைமாதிரி என்று எழுதிவிடுவது. உறையவைத்தோ உறையுலர்த்தியோ ‘செயலற்ற நிலையில் பாதுகாக்கப்பட்டது’ என்று குறிப்பிட்டு, எந்த ஒரே நிறுவனத்தில் இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும்.

அதற்குள் வளர்ப்பு செத்துவிடக் கூடாது. திரும்பத் திரும்பத் தட்டு மாற்றிக்கொண்டே இருந்தால் உள்வாழ் பூஞ்சைகள் வித்துவிடும் திறனை இழந்துவிடும். ஓராண்டு கழித்துப் படம் எடுக்கப் போனால் வெறும் வெள்ளைப் பஞ்சு மிஞ்சும். இரண்டாவது மாற்றத்திலேயே அகர்த் துண்டுகளில் சிலவற்றைக் கிருமிநீக்கிய வாலைவடிநீர்க் குப்பியிலும், சிலவற்றை 15% கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியிலும் போட்டுவையுங்கள். மைனஸ் 80 பெட்டி இல்லாத ஆய்வகத்துக்கு நீர்க் குப்பி போதும். அறை வெப்பத்திலேயே பல பூஞ்சைகள் ஆண்டுக்கணக்கில் தாங்கும். குப்பியில் ஐசோலேட் எண், மரத்தின் எண், பறித்த தேதி மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் மை எத்தனால் பட்டதும் அழிந்துவிடும்.